அண்ணனால் போக முடிந்த வீடுகள்

சென்ற தீபாவளியன்று சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாழ்வாரத்திலேயே இருந்தார். அவரை யாரும் அழைக்காமல் விடவில்லை. மின்தூக்கி ஏழாவது மாடியில் நின்றது, சக்கர நாற்காலி வாசல்வரை தடையின்றிப் போனது. அதற்குப் பிறகு ஒரே ஒரு படி, ஒரு சாண் உயரங்கூட இருக்காது. நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிவிடலாம் என்று நான்கு பேர் முன்வந்தனர். மூட்டையைப்போல் தூக்கப்பட்டுத் தூக்கப்பட்டுச் சலித்துப்போனவர் என்பதால், "வேண்டாம் சித்தப்பா, இங்கே காத்து நல்லா வருது" என்று சிரித்தபடி மறுத்துவிட்டார். சித்தி அதிரசத் தட்டை வெளியே கொண்டுவந்தார். பிள்ளைகள் செருப்புகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தனர். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் முறுக்கை வாங்கிக்கொண்டு சற்று நேரம் நின்று பேசினார். பார்ப்பவர்க்கு அது அழகான காட்சிதான். ஆனால் அண்ணனுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்ததும் விருந்து முடிந்துபோயிற்று. நானும் அவரும் வீடு திரும்பினோம்.

அந்தப் புளோக், அதாவது அடுக்குமாடிக் கட்டடம், 1970களில் கட்டப்பட்டது. சிங்கப்பூரின் பொது வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அக்காலத்துப் புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி ஒருசில மாடிகளில்தான் நிற்கும், மற்ற மாடிக்காரர்கள் படியேறியோ இறங்கியோதான் வீடு சேர வேண்டும். 2001-இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அந்த நிலையைப் பெருமளவில் மாற்றியது. அரசாங்கப் பணத்தில் உடற்குறையுள்ளோருக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை எதுவென்று என்னைக் கேட்டால், உடற்குறையுள்ளோர் என்ற சொல்லைப் பெயரில் தாங்காத இந்தத் திட்டத்தையே சொல்வேன். இருந்தும் கட்டட அமைப்பினாலோ செலவினாலோ எல்லா மாடிகளிலும் மின்தூக்கியை நிறுத்த முடியாத புளோக்குகள் நூற்றுக்கும் மேல் எஞ்சியுள்ளன. அப்படிப்பட்ட ஒன்றின் மூன்றாவது மாடியில் அண்ணனின் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரும் சக்கர நாற்காலிக்காரர். நடமாட முடியாதோர் அங்கிருந்து வேறிடம் மாற 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மானியம் உண்டு. ஆனால் அவருடைய தாயார் நாற்பது ஆண்டு பழகிய சந்தையையும் கோயிலையும் விட்டு வர மறுக்கிறார். ஆகவே நண்பர்கள் இருவரும் காப்பிக்கடையில்தான் சந்தித்துக்கொள்கின்றனர், அதுவும் நண்பரை யாராவது கீழே இறக்கிவிடும் நாளில்.

எங்கள் வீட்டின் கதை வேறு. எங்களுடையது மூவறை வீடு. வாசலில் படி இல்லை. குளியலறைக் கதவுதான் வில்லன். அண்ணனின் நாற்காலி 63 சென்டிமீட்டர் அகலம். மடக்குக் கதவை முழுவதும் திறந்தாலும் அதன் மடிப்பே கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ள, கிடைப்பது 58 சென்டிமீட்டர். நாடாவை வைத்து நான் மூன்று முறை அளந்தேன், அது அகலமாகவே இல்லை. கடைசியில் கதவைக் கழற்றித் திரை மாட்டினோம். கைப்பிடிகளும் வழுக்காத தரையும் அரசாங்கத்தின் 'ஈஸ்' மானியத் திட்டத்தில் கிடைத்தன. 2012-இல் முதியோருக்கென்றே கொண்டுவரப்பட்ட அத்திட்டத்தில், எங்களைப் போன்ற மூவறை வீட்டுச் சிங்கப்பூரர்கள் செலவில் 5 விழுக்காட்டை மட்டும் கட்டினால் போதும். எங்கள் வீட்டுக்கு அது கிடைத்தது அம்மாவுக்கு 65 வயது கடந்துவிட்டதால்தான். அம்மாவின் வயதுக்காக வந்த கைப்பிடியை, 47 வயது அண்ணன் பிடித்துக்கொள்கிறார். புக்கிட் பாத்தோக்கில் 2021-இல் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகளைப் பற்றிப் படித்தபோதும் இதே நினைவுதான் வந்தது. அகலமான கதவு, பராமரிப்புச் சேவை என்று அண்ணனுக்காகவே வரைந்ததுபோல் இருந்தது. வயது வரம்பு 65. "இன்னும் 18 வருஷந்தான், பொறுத்துக்கலாம்" என்றார் அவர்.

விலை பற்றிப் பேசும்போது நம்மவர் போன்ற சிறுபான்மையினர் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு விகிதம் வரை இருக்கலாம் என்று வரையறுக்கும் இன ஒதுக்கீடு 1989 முதல் நடப்பிலுள்ளது. அதன்படி, சீனர்களுக்கான விகிதம் நிறைந்துவிட்ட புளோக்கில் இந்தியக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைந்தால் விலையும் இறங்கும், அந்தக் குறைந்த பணத்தில்தான் படியில்லாத, கதவு அகலமான வீட்டைத் தேட வேண்டும். மிகவும் சிரமப்படும் உரிமையாளர்களிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ள 2022-இல் வழி செய்யப்பட்டது நல்லதுதான். எனினும் ஒதுக்கீட்டின் நோக்கத்தை நான் மதிப்பதாலேயே சொல்கிறேன், உடற்குறை காரணமாக மாறிப்போக நேரும் குடும்பத்துக்கு அதில் தனி விலக்கு தரலாம்.

இவ்வளவையும் சரிசெய்துவிட்டாலும் சித்தப்பா வீட்டுப் படி அப்படியேதான் இருக்கும். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். உதவிகள் அனைத்தும் உடற்குறையுள்ளவர் வசிக்கும் வீட்டைத் தேடி வருகின்றன, அவர் போக விரும்பும் வீட்டைத் தேடி வருவதில்லை. சித்தப்பா வீட்டில் யாருக்கும் சக்கர நாற்காலி தேவையில்லை, அவர் எதற்காகச் சாய்தளம் கேட்பார்? கேட்டாலும் எளிதன்று. வழக்கமான ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவின்படி 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும், தாழ்வாரத்திலோ தீ விபத்தின்போது ஓட 1.2 மீட்டர் அகலத்தை எப்போதும் காலியாக விட்டாக வேண்டும். உடற்குறையுள்ளோரின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013-இல் உறுதிப்படுத்தியது. அதன் 19-ஆம் பிரிவு சமூகத்தில் ஒருவராகச் சேர்ந்து வாழும் உரிமையைப் பேசுகிறது. கல்யாணப் பேச்சும் கருமாதிக் காரியமும் உறவினர் வீட்டுக் கூடத்தில் நடக்கும் நம் குடும்பங்களில், அந்தக் கூடத்துக்குள் நுழைய முடியாதவர் எங்கே சேர்ந்து வாழ்வது?

புதிய வீடுகளில் நிலைமை மேல். 2006 முதல் வீவக தன் புதிய வீடுகளை அனைவருக்கும் பொதுவான வடிவமைப்பில் கட்டிவருகிறது, யார் குடிவரப் போகிறார் என்று பார்ப்பதில்லை. பொங்கோலில் அத்தை மகளின் பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவுக்குப் பின் வீவக கட்டித்தரும் புதிய வீடு) அண்ணன் தானாகவே போய்வருகிறார். பழைய புளோக்குகளில் மேம்பாட்டுப் பணி நடக்கும்போதெல்லாம், குடியிருப்பவரின் வயதையோ உடல்நிலையையோ கேட்காமல் எல்லா வாசற்படிகளையும் சேர்த்தே சரிசெய்தால் என்ன? மின்தூக்கியை அப்படித்தானே போட்டார்கள்.

2024 அக்டோபரிலிருந்து 35 வயதைக் கடந்த தனியர்கள் எல்லா வட்டாரங்களிலும் 'ஈரறை ஃபிளெக்சி' எனப்படும் சிறிய புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அண்ணன் விண்ணப்பித்திருக்கிறார், வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசை எண் இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் 46 சதுர மீட்டர் வரைபடம் ஒன்றை அச்சிட்டு, பென்சிலால் கட்டிலும் மேசையும் போட்டுப் பார்க்கிறார். கதவருகே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். செருப்பு அலமாரிக்கா என்று கேட்டேன். காப்பிக்கடை நண்பர் வந்தால் நாற்காலியைத் திருப்ப இடம் வேண்டுமாம்.