பி.ஏ. ஆங்கில இலக்கியம்: தமிழ் வழியில் வந்தவன் தாக்குப்பிடித்த கதை

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தவன் நான். ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம்தான்: இங்கிலீஷ் படித்தால் இங்கிலீஷ் பேச வரும். தானாக வராது. பேராசிரியர் பேசுவார், நாங்கள் குறிப்பெடுப்போம், தேர்வில் எழுதுவோம். நாம் வாய் திறப்பது செமினார் நாளில் மட்டும்தான்.

முதலாண்டில் தமிழ், பொது ஆங்கிலம், மேஜர் என்கிற முதன்மைப் பாடம், அலைடு என்கிற துணைப்பாடம் எல்லாம் உண்டு. எங்களுக்கு அலைடு, இங்கிலாந்தின் சமூக வரலாறு. பலர் இதைக் கடனே என்று படிப்பார்கள். என் போன்றவர்களுக்கு இதுதான் கைப்பிடி. எட்டாம் ஹென்றி போப்போடு முறித்துக்கொண்டது, 1665-இல் பிளேக், அடுத்த ஆண்டே லண்டன் தீ, 1832 சீர்திருத்தச் சட்டம் என்று எல்லாவற்றையும் தமிழில் ஒருமுறை புரிந்துகொண்டால், ஆங்கிலத்தில் எழுதுவது பெரிய பாடில்லை. அப்புறம் மேஜரில் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' வரும்போது இதன் அருமை தெரியும். பார்வை போனபின் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய காவியம், அவர் நம்பிய குடியரசு கவிழ்ந்து மன்னராட்சி திரும்பியபின் 1667-இல் அச்சேறியது. இது தெரிந்தவனுக்குத் தோற்றுப்போன சாத்தானின் பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

எல்லோரும் பயமுறுத்தியது சாசரை வைத்துத்தான். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர், அந்தக் காலத்து ஆங்கிலம். பக்கத்தைத் திறந்தால் எழுத்துப்பிழைகளாகத் தெரியும். "ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் பயப்படாதீங்கப்பா, வாய்விட்டுப் படிங்க" என்றார் எங்கள் பேராசிரியர். படித்தால், பாதிச் சொற்கள் காதுக்குப் பழகியவையாக இருந்தன. 'காண்டர்பரி கதைகள்' முன்னுரையில் யாத்திரை போகிறவர்கள் சதர்க்கில் ஒரு விடுதியில் கூடுகிறார்கள். மூக்கின் மேல் மருவும் அதில் செம்மயிர்க் கொத்துமாக ஒரு மாவுமில்காரர். ஐந்து பேரைக் கட்டிய, காது கொஞ்சம் மந்தமான, சிவப்புக் காலுறை போட்ட அம்மா. பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தோடு ஒரு நாள் நடந்தவனுக்கு இவர்கள் புதியவர்களே அல்ல.

எனக்குத் திருப்பம் என்றால் அதில் வரும் கன்னித்துறவியைப் படித்த வகுப்புதான். சாப்பிடும்போது ஒரு துளிகூட மேலே சிந்தமாட்டாள் என்கிறார் சாசர். ரொம்ப இரக்க மனசுக்காரி என்கிறார். அதற்கு என்ன சான்று? பொறியில் மாட்டிய எலியைப் பார்த்தால் அழுவாள். தன் நாய்க்குட்டிகளுக்கு வறுத்த கறி போடுவாள். அவ்வளவுதான், பசித்த மனிதர் ஒருவரும் அந்த வரிகளில் இல்லை. திட்டவும் இல்லை, கேலி என்று சொல்லவும் இல்லை. கைடில் 'சாசரின் அங்கதம்' என்ற தலைப்பில் வரிசையாகப் பாயிண்ட் இருக்கும். மனப்பாடம் செய்து பாஸும் ஆகலாம். ஆனால் அந்த எலியை மூலத்தில் பார்த்தவன் எழுதும் விடைக்கும் கைடு விடைக்கும் உள்ள வித்தியாசம் திருத்துகிறவருக்கு மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

அனோட்டேஷன் கேள்வியில் கைடு ஆசாமிகள் மாட்டுவதும் இதனால்தான். இரண்டு வரி கொடுத்து, எந்த நூல், யார் யாரிடம், எந்தச் சூழலில், என்ன பொருள் என்று கேட்பார்கள். கைடில் இருக்கும் வரியேதான் வரும் என்று என்ன நிச்சயம்? நான் ஒவ்வொரு காட்சி முடிவிலும் ஓரத்தில் பென்சிலால் தமிழிலேயே குறித்துவைப்பேன்: யார், யாரிடம், இப்போது ஏன் இதைச் சொல்கிறார். தேர்வுக்கு முந்தைய இரவு அந்தப் பென்சில் குறிப்புகளை மட்டும் புரட்டினால் போதும்.

பேச்சு வந்ததும் நாடகத்தால்தான். ஹாஸ்டல் மொட்டை மாடியில் வேடம் பிரித்துக்கொண்டு 'மக்பெத்' வாசித்தோம். லேடி மக்பெத் எங்களிலேயே கட்டைக் குரல்காரன். கொலைக்குத் தூண்டும் இடத்தில் கீழ்த்தளத்து பி.எஸ்சி. பையன்கள் சண்டை என்று நினைத்து மேலே ஓடிவந்தார்கள். வரிகளை உரக்கச் சொல்லிச் சொல்லித்தான் நாக்கு வளைந்தது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டியவர்களை விட நாங்கள் மோசமில்லை.

ஒலியியல் பேப்பரைக் கண்டு ஒதுங்க வேண்டாம். மதிப்பெண் அள்ளித் தரும். பாடப்படி ஆங்கிலத்தில் 44 ஒலிகள்: 20 உயிர், 24 மெய். ஆங்கில 'e' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பின மாதிரி ஒரு குறி வரும், ஷ்வா என்பார்கள். 'அபவுட்' முதலிலும் 'டீச்சர்' கடைசியிலும் வருகிற, அழுத்தமே இல்லாத அந்த ஒலியைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தினமும் அகராதியில் சில சொற்களை எடுத்து நாமே குறியிட்டுச் சரிபார்த்தால் போதும். இலக்கியத் திறனாய்வு அப்படியல்ல. அரிஸ்டாட்டில் முதல் டி.எஸ். எலியட் வரை ஒரே செமஸ்டரில் அடைத்துவிடுவார்கள். தனியாக முட்டாமல் ஆளுக்கொருவரைப் பிரித்து, படித்ததை மற்றவர்களுக்கு நடத்துவது ஒன்றே வழி. எங்கள் வகுப்பில் அதிக அரியர் விழுந்ததும் இதில்தான்.

"இது படிச்சா என்ன வேலைப்பா கிடைக்கும்?" என்று கேட்காத உறவினர் கிடையாது. ஆசிரியராக பி.எட்., கல்லூரியில் பாடம் நடத்தப் போக எம்.ஏ., நெட் தகுதித் தேர்வு, எந்தப் பட்டத்துக்கும் திறந்திருக்கும் டி.என்.பி.எஸ்.சி. என்று வழிகள் உண்டு. நான் எம்.ஏ. சேர்ந்தேன். அங்கேயும் அதே சாசர், அதே அரிஸ்டாட்டில், இன்னும் கொஞ்சம் ஆழமாக. அதனால் மூன்றாம் ஆண்டு முடிந்த வேகத்தில் நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். திறனாய்வு நோட்டைக் கண்டிப்பாகப் போடாதீர்கள்.