மோரிப் சேறு

தாத்தாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே சற்று வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். மார்கழிப் பனி இறங்கினால் அந்தக் கால் அவருக்கு முன்பே விழித்துக்கொள்ளும் என்பாள் பாட்டி. ஊரில் யார் கேட்டாலும், “மலேயாவில் கரை இறங்கும்போது பட்டது” என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது. மிச்சத்தை நாங்கள் வளர்த்துக்கொண்டோம். எனக்குப் பத்து வயதானபோது அந்தக் காலில் ஜப்பான்காரனின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு இரண்டு பாய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அது மூன்றாகிவிடும்.

அலுவலக வேலையாகக் கோலாலம்பூர் போக வேண்டி வந்தபோது, ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் எடுத்தேன். இரட்டைக் கோபுரம் பார்க்கவில்லை, பத்துமலைப் படி ஏறவில்லை. மோரிப் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று மட்டும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நண்பரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

காலையில் நண்பரின் அம்மா, “பசியாறிவிட்டுப் போங்கள்” என்று உட்கார வைத்தார். காலை உணவுக்கு இந்த நாட்டுத் தமிழர்கள் வைத்திருக்கும் சொல் இது. எண்பதைத் தாண்டிய கை, தோசைக்கல்லில் மாவை ஒரே சுற்றில் இழுத்தது. மோரிப்புக்கு என்று கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

“அங்கே என்ன இருக்கிறது? சேறு இருக்கிறது.”

“என் தாத்தா அங்கேதான் கரை இறங்கினார். பட்டாளத்தில் இருந்தவர். மதராஸ் சாப்பர்ஸ்.”

“வெள்ளைக்காரன் பட்டாளமா?”

“ஆமாம்.”

“என் அப்பா ஐ.என்.ஏ., இந்திய தேசிய ராணுவம். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, தோட்டத்துக் கிராணி வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்.” தோசையைத் திருப்பினார். “அப்படியென்றால் உங்கள் தாத்தா என் அப்பாவைப் பிடிக்க வந்தவர்.”

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தோசை தட்டில் விழுந்தது. “சட்னி போதுமா?” என்றார். பிறகு, தானும் வருவதாகச் சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு குண்டா மூன்று குண்டா என்பது எப்படித் தீர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கல்லூரியில் படித்தபோது, ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு ஒரு மனு எழுதித் தரும்படி பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டாள். என் ஆங்கிலத்தைக் காட்டுவதற்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. எதிரியின் குண்டு மழைக்கு நடுவே தாயகத்தின் வீரர் கரை ஏறியதை ஒன்றரைப் பக்கம் எழுதி, அதைத் தமிழில் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், நடுவில் நிறுத்தினார்.

“குண்டா? எந்தக் குண்டு?”

அன்று இரவு மின்சாரம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து முதல்முறையாக முழுதாகச் சொன்னார்.

கப்பலிலேயே சொல்லிவிட்டார்களாம், ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்று. அதே மூச்சில், அவனை நம்பாதே என்றும் சொன்னார்களாம். விடியற்காலையில் கயிற்று வலையைப் பிடித்துக் கப்பலிலிருந்து படகுக்கு இறங்கியபோது வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பயமா, கடல் நோயா, இரண்டும்தானா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கரை நன்றாகத் தெரிகிற தூரத்தில் படகு மணல் திட்டில் உரசி நின்றது. முன்கதவு விழுந்தது. இறங்கினால் தண்ணீர் மார்பு வரைக்கும். துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு காலால் தரையைத் தேடினார்.

“தரை இருந்தது. ஆனால் பிடிக்கவில்லை” என்றார். பிறந்ததிலிருந்து சேற்றில் நின்றவர் அவர். “நம் கழனிச் சேறு காலை விட்டுவிடும். இது விடாத சேறு.”

சுட்டவர் யாரும் இல்லை. தென்னை மரங்களும் கரையும் சும்மா இருந்தன. அந்த அமைதிதான் மிகவும் பயமாக இருந்தது என்றார். முதுகுப்புறம் மட்டும் கூசிக்கொண்டே இருந்ததாம்.

சாப்பர்களின் வேலை வண்டிகளுக்குப் பாதை போடுவது. மேலே மெல்லிய மணல், அடியில் களி. முதல் லாரி மணலைப் பார்த்து நம்பி ஏறியது; அச்சு வரை போய்விட்டது. அதை இழுக்க வந்ததும் உட்கார்ந்துவிட்டது. கம்பி வலையைச் சுருள் சுருளாக விரித்தார்கள். அதையும் சேறு தின்றது. பிற்பகலில் கடல் ஏறத் தொடங்கிவிட்டது. வண்டிகள் மூழ்குவதற்குள் இழுத்தாக வேண்டும் என்று அதிகாரிகள் கத்தினார்கள். வின்ச்சில் மாட்டிய இரும்பு வடம் விறைத்து நின்றதைப் பார்த்தார். பனைமட்டையைக் கிழித்தது போல ஒரு சத்தம். வடம் அறுந்து திரும்பி வந்து காலில் அடித்தது. அவ்வளவுதான் அவருடைய போர்.

மேட்டில் தூக்கிப் போட்டுக் கம்பளி போர்த்தினார்கள். அரை மயக்கத்தில் யாரோ, “எந்த ஊர் தம்பி?” என்று கேட்டது காதில் விழுந்தது. செத்துவிட்டோம், அம்மா பேசுகிறாள் என்று நினைத்தாராம். கண்ணைத் திறந்தால் சாக்குத் துணி கட்டிய ஒரு தமிழ்ப் பெண். தோட்டத்திலிருந்து கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னார். அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. காலைப் பார்த்து ஐயோ என்று சொல்லவுமில்லை.

“துணி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாள்.

ஜப்பான் காலத்தில் மலேயாவில் துணி கிடைக்காது. ஜனங்கள் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். தாத்தா போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடலில் தொலைந்துவிட்டது என்று பிறகு எழுதிக்கொடுத்தாராம். “பட்டாளத்தில் நான் சொன்ன ஒரே பொய்” என்று சிரித்தார். அவர் எங்களிடம் சொல்லாமல் விட்டவை பொய்க்கணக்கில் சேராது போலிருக்கிறது.

மனுவைத் திருத்தி, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். எழுதினேன். ஓர் அலுவலகத்திலிருந்து நாலு வரியில் பதில் வந்தது: சம்பவம் 1945 செப்டம்பர் 9ஆம் தேதி நடந்த விபத்து, போர்க்காயம் என்று கருத இயலாது. எனக்கு ரத்தம் கொதித்தது. தாத்தா கடிதத்தை வாங்கித் தேதியைத் தடவிப் பார்த்தார். “தேதி சரியாக வைத்திருக்கிறார்களே” என்றார்.

தேதியில்தான் எல்லாம் இருக்கிறது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது ஆகஸ்ட் 15. டோக்கியோ விரிகுடாவில் கையெழுத்தானது செப்டம்பர் 2. மறுநாளே பினாங்கில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் இறங்கிவிட்டார்கள். 5ஆம் தேதி சிங்கப்பூர். இத்தனைக்கும் பிறகு 9ஆம் தேதி மோரிப்பிலும், தெற்கே போர்ட் டிக்சன் பக்கத்திலும், எதிரி காத்திருப்பது போன்ற ஏற்பாட்டோடு இந்தியப் படைப்பிரிவுகள் இறக்கப்பட்டன. ‘ஆபரேஷன் ஜிப்பர்’ என்று அதற்குப் பெயர். அணுகுண்டு விழுவதற்கு முன் போட்ட திட்டம். கப்பல்களில் சரக்கு ஏறிவிட்டது, படை தயார், திட்டத்தைக் கைவிடவில்லை. அந்தச் சேற்றில் வண்டிகள் சிக்கியதைப் பார்த்தவர்கள், ஜப்பானியர் உண்மையிலேயே எதிர்த்துச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு எழுதி எழுதி மாய்ந்துபோனார்கள். தாத்தா அதை எழுதவில்லை. காலைத் தடவிக்கொண்டார்.

சுட்ட கடற்கரையும் இதே நாட்டில் இருக்கிறது, கிழக்கே, கோத்தா பாருவில். 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் அங்கே இறங்கினார்கள். பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே. அன்று கரையில் பதுங்கு குழிகளில் இருந்து சுட்டவர்கள் டோக்ரா வீரர்கள், இந்தியர்கள். கடலிலும் கரையிலும் அன்று நிறையப் பேர் செத்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் தாத்தாவுக்குக் கொடுத்த போர் உண்மையில் அவர்களுடையது.

முந்தைய நாள் மாலை, ஹங் துவா ரயில் நிலையத்தில் இறங்கி விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். செப்டம்பர் 13ஆம் தேதி ஜப்பானிய 29ஆவது படையின் தளபதி சரணடைந்து கையெழுத்திட்டது அங்கேதான். பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தாத்தா ஏதோ ஒரு கூடாரத்தில் கட்டுப்போட்டுக் கிடந்திருப்பார்.

மோரிப்புக்குக் கார்ப் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பந்திங் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. வழியெல்லாம் நண்பரின் அம்மா தன் அப்பாவைப் பற்றியே பேசினார். ஜப்பான் தோற்றதும் சீருடையை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்களாம். தொப்பியை மட்டும் எரிக்க மனம் வராமல் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்தாராம். பிறகு தோண்டினால் கறையான். “ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன சித்தப்பா திரும்பவே இல்லை. அப்பா அந்த ஜப்பான்காரனோடு சேர்ந்துதான் இந்தியாவுக்குச் சண்டை போட்டார். வீட்டில் இதைப் பற்றிப் பேச மாட்டோம்” என்றார். பேசியவர் அவர்தான்.

கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பட்டம் விற்கிறார்கள், தெம்பே பொரிக்கிறார்கள். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கடல் இறங்கிக் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சாம்பல் நிறத்தில் சேறு மினுங்கியது. நம் மெரினாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது கடலாகவே தோன்றவில்லை, நட்டு முடிக்காத வயல் போலிருந்தது.

கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் பத்து அடி மணல், கெட்டி. அதை நம்பினேன். அடுத்த அடியில் கணுக்கால், அதற்கடுத்து கெண்டைக்கால். வலது செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. குனிந்து கையை விட்டுத் துழாவினேன், வெதுவெதுப்பாக இருந்தது. காலை இழுக்க இழுக்க அது உறிஞ்சிப் பிடித்தது. கரையில் இரண்டு மலாய்ச் சிறுவர்கள் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். ஓர் அரை நிமிடம், காலை இழுக்காமல் சும்மா நின்றேன்.

செருப்பு கிடைக்கவில்லை.

நண்பரின் அம்மா சவுக்கு மர நிழலில் உட்கார்ந்திருந்தார். சாக்குத் துணிப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னேன். தன் அம்மாவும் சாக்குக் கட்டியவர்தான் என்றார். ஆனால் இந்தப் பக்கத்துத் தோட்டம் இல்லை, செரம்பான் பக்கம். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

தண்ணீர்ப் புட்டியைத் திறந்து என்னைக் கிட்டே வரச் சொன்னார். இரண்டு காலும் முழங்கால் வரை சாம்பல் பூசியிருந்தது. புட்டியில் பாதிதான் தண்ணீர்.

“அவருக்கு எந்தக் கால்?”

“இடது.”

இடது காலில் ஊற்றினார்.