டியூப், டயர், அப்புறம் என் குடல்

ஜனவரி 18
இடது அடிவயிற்றில் மறுபடியும் அதே வலி, காய்ச்சலோடு. ஒன்றரை வருடத்தில் மூன்றாவது முறை. குடல்வால் என்றார் எதிர்வீட்டு அண்ணன். அது வலது பக்கம் என்றாள் மனைவி. தண்டையார்பேட்டையில் எல்லாரும் பாதி டாக்டர். சிடி ஸ்கேனில் பெருங்குடலின் கடைசி வளைவு நெடுகச் சின்னச் சின்னப் பைகள், அங்கே அழற்சி. இப்போதைக்கு ஆன்டிபயாட்டிக்.

ஜனவரி 20
டாக்டர் படம் போட்டுக் காட்டினார். குடலுக்கு வெளியே தசை, உள்ளே மெல்லிய சவ்வு. ரத்தக்குழாய் தசையைத் துளைத்து நுழையும் இடம் பலவீனமானது. உள்ளே அழுத்தம் கூடினால் சவ்வு அங்கே பிதுங்கிப் பையாகிவிடும். "தேய்ந்த டயரில் டியூப் பிதுங்குமே, அது மாதிரியா சார்?" என்றேன். அதேதான் என்றார். முப்பது வருட சைக்கிள் கடை வீண்போகவில்லை.

மார்ச் 6
கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. புற்று இல்லை. முந்தின நாள் குடித்த பேதி மருந்தைப் பற்றி எழுத வேண்டாம்.

மார்ச் 20
நாளை ஆபரேஷன். மறுபடி மறுபடி வருவதால், பைகள் உள்ள குடல் பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். நாலைந்து சின்ன ஓட்டைகள். கார்பன் டை ஆக்சைடு ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, கேமரா விட்டுச் செய்வார்கள். வெட்டிய துண்டை வெளியே எடுக்க மட்டும் இரண்டு அங்குலக் கீறல். மீதிக் குடலின் இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளரால் இணைத்துவிடுவார்கள். ஒழுகாது என்று எப்படித் தெரியும்? வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு, ஆசனவாய் வழியாகக் காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களாம். நம்ம பஞ்சர் தொட்டி! சிரிப்பை அடக்க முடியவில்லை, மனைவி முறைத்தாள். 'தேவைப்பட்டால் வயிற்றில் தற்காலிகமாக மலப்பை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும்போதுதான் சிரிப்பு நின்றது.

மார்ச் 22
மலப்பை இல்லை. தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வயிற்றைவிட வலது தோள்தான் வலிக்கிறது. ஏற்றிய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். காலையிலேயே நர்ஸம்மா எழுப்பி நடக்கவிட்டார்.

மார்ச் 24
காற்று பிரிந்தது. குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அர்த்தமாம். ரவுண்ட்ஸ் வந்த டாக்டருக்கு இதைவிட நல்ல சேதி இல்லை. மதியம் ரசம் சாதம்.

ஏப்ரல் 4
ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, பம்ப் அடிக்கவும் கூடாது. விதை, வேர்க்கடலை ஆகாது என்கிறார்கள் தெருவில். அது பழைய பேச்சு, நார்ச்சத்துள்ளதைச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். காசிமேட்டு மீனில் அது கிடையாது, என்ன செய்ய.

சாயங்காலம் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பையன் ஒரு டியூபைத் தொட்டியில் அமுக்கினான். வால்வு பக்கம் பொடிக் குமிழி. "அங்கே பாருடா" என்றேன்.