வளவுக்குள் வந்த மைக்

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் பார்க்கப் போயிருந்த எங்கள் ஐயா, 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடிப்பதற்குச் சற்று முன்னால் ஊர் திரும்பியவர், தொழில் போன வெறுமையை ஆற்றிக்கொள்வதற்காகவோ என்னவோ, சனிக்கிழமைதோறும் வீட்டு வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) பஜனை வைக்கத் தொடங்கினார். காரைக்குடிப் பக்கத்துக்குக் கூட்டுப்பாட்டு புதிதன்று. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டுதான் போவார்கள். அந்த நடைப்பாட்டின் முறையையே ஐயா வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கேட்பதற்கென்று எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஜால்ராவும் டோலக்கும் ஆர்மோனியமும் துணைக்கு இருந்தன. (ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இலேயே விலக்கி வைத்திருந்த செய்தி எங்கள் வளவை எட்டவில்லை.)

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு மைக் வந்தது. அதன் முன் உட்கார்ந்தவர் பாடகரானார், மற்றவர்கள் கேட்பவர்களானார்கள். சுருதி சுத்தமாயிற்று, கூட்டம் குறைந்தது. அப்பத்தா மட்டும் அடுப்படியிலிருந்தே வாங்கிப் பாடிக்கொண்டிருந்தார்.

அந்த மைக்கைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்தது, அமெரிக்காவின் வட கரோலினாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கண்ட ஒரு கூடுகை. ஒரு நூலகத்தின் பின்கூடத்தில் பிடிலும் பாஞ்சோவும் கிதாருமாகப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து திரும்பத் திரும்ப வாசிக்கும் வகையை 'ஓல்ட் டைம்' என்கிறார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடியேறிகளின் பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழி வந்த பாஞ்சோவும் அப்பலாச்சிய மலையூர்களில் கலந்து, வீட்டுத் திண்ணையிலும் ஆட்டக் களத்திலும் வளர்ந்த இசை அது. 'புளூகிராஸ்' என்னும் வேகமான இசைவகை அதன் பிள்ளை, ஆனால் வானொலியில் வளர்ந்த பிள்ளை. கென்டக்கிக்காரரான பில் மன்றோ 1939-இல் நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியில் இடம்பிடித்து, 1945-இல் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் மீட்டும் தம் பாஞ்சோவோடு அவர் குழுவில் சேர்ந்த பிறகு, ஒவ்வொருவராக மைக்கின் முன் வந்து வித்தையைக் காட்டிவிட்டு விலகும் முறை அவ்விசையின் அடையாளமாயிற்று. அதன் வேகத்தில் நானும் சொக்கித்தான் போனேன். ஆனாலும் என்னையறியாமல் கால் தாளம் போட்டது முந்தைய வகைக்கே.

ஊர் திரும்பியதும் மைக்கைப் பெட்டகசாலையில் வைத்துப் பூட்டிவிட்டோம் என்று எழுத ஆசைதான். மைக் என் பங்காளியுடையது. பேச்சு வார்த்தை இன்னும் நடக்கிறது.