சைஜோவில் ஒரு பிப்ரவரி

ஹிரோஷிமாவில் சான்யோ ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சைஜோ வந்துவிடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் செங்கல் புகைபோக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாகே ஆலையின் பெயர். சாகே என்பது ஜப்பானியர்களின் அரிசி மது. நடக்கிற தூரத்திலேயே ஏழு ஆலைகள். நான் போனது பிப்ரவரியில். வேண்டாத கிருமிகள் குளிரில் அடங்கியிருக்கும் என்பதால் குளிர்காலம்தான் சாகே காய்ச்சும் பருவம். தெருவெங்கும் அரிசி வேகிற மணம்.

ஆலை வாசல்களில் கிணறுகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். ஒரு பாட்டி நாலைந்து கேன்களோடு நின்றிருந்தார். எனக்கு வழிவிட்டார். கை குவித்துக் குடித்தேன்.

இந்த வட்டாரத்து சாகேயின் கதையே தண்ணீர்தான். கோபேக்குப் பக்கத்தில் நாடா என்ற சாகே வட்டாரத்தில் கிடைப்பது தாதுக்கள் நிறைந்த கடின நீர். அதில் ஈஸ்ட் மளமளவென்று வேலை செய்யும். ஹிரோஷிமாவில் பெரும்பாலும் மென்னீர். நொதித்தல் தளர்ந்துபோய், சரக்கு கெட்டுவிடும். கடலோர ஊரான அகிட்சுவைச் சேர்ந்த மியுரா சென்சபுரோ இதற்கு வழி தேடினார். கோஜிப் பூஞ்சையை அரிசியின் உள்வரை நன்றாக வளரவிட்டு, குறைந்த வெப்பத்தில் நிதானமாக நொதிக்க வைத்தார். அந்த முறையை 1898-இல் எழுதி வெளியிட்டு, ஊருக்கே கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

ஓர் ஆலையின் காட்சி அறையில் மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். முதலாவதில் எழுபது சதவீதம் மிஞ்சும்படி தீட்டிய அரிசி, அடுத்ததில் ஐம்பது, கடைசியில் முப்பத்தைந்து. கடைசிக் கிண்ணத்தில் இருந்தது அரிசி மாதிரியே இல்லை. சின்ன ஜவ்வரிசி போல உருண்டு, வெள்ளை வெளேரென்று இருந்தது. அரிசியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் கொழுப்பும் புரதமும் சுவையை முரடாக்கும். அதனால்தான் இவ்வளவு தீட்டுகிறார்கள். பாதியோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சினால்தான் அந்த சாகேக்கு டைகின்ஜோ என்ற உயர்தரப் பெயர். ஜப்பானில் இயந்திர விசையால் ஓடும் முதல் அரிசி ஆலைக் கருவி 1896-இல் இதே சைஜோவில்தான் பிறந்தது.

திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அரிசியில் மாவுச்சத்துதான். ஆவியில் வெந்த அரிசியின் மேல் கோஜி வித்துகளைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் இரண்டு நாள் வளர்க்கிறார்கள். அப்புறம் தொட்டிக்குள் கோஜி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, கூடவே ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. அரிசியை மொத்தமாகக் கொட்டுவதில்லை. நான்கு நாளில் மூன்று தவணை. இரண்டாம் நாள் ஒன்றும் சேர்க்காமல் ஈஸ்ட்டைப் பெருக விடுகிறார்கள். அந்த ஓய்வு நாளுக்கு 'ஒடோரி', அதாவது நடனம் என்று பெயர்!

சாயங்காலம் ஒரு சின்னக் கடை. ஒரே சாகேயை முதலில் குளிராகவும், பிறகு நாற்பது டிகிரிக்குச் சூடாக்கியும் கேட்டேன். குளிரில் பழ வாசனை முன்னால் நின்றது. சூட்டில் அது பின்வாங்கி, அரிசியின் இனிப்பு எழுந்து வந்தது. சுட்ட சிப்பிக்குச் சூடானதுதான் சரி. பக்கத்து இருக்கைக்காரர் என் கிண்ணத்தை நிரப்பினார், நான் அவருடையதை. தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளாமல் ஒருவருக்கொருவர் ஊற்றுவது அங்கே வழக்கம்.

கடைக்கார அம்மா ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார். சாகேக்கு நடுவே குடிக்கத்தான். குடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் சிரித்தபடி, காலையில் நான் நின்ற கிணற்றுப் பக்கம் கை காட்டினார்.