பசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய்க்கு மொடாஃபினில், ஆர்மொடாஃபினில் மாதிரி விழிப்பு மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு மதியச் சாப்பாடு மறந்தே போகும். வயிறு நிறைந்திருப்பதால் அல்ல, பசி தெரியாததால். உடம்புக்கு வேண்டிய கலோரி என்னவோ அப்படியேதான் இருக்கிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். போனில் மூன்று வேளைக்கும் அலாரம் வைத்துவிடுங்கள்.

நாளின் கனமான சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். மொடாஃபினில் ரத்தத்தில் உச்சம் தொட 2 முதல் 4 மணி நேரம் ஆகும். பசி மங்குவதற்கு முன் சாப்பிட அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. சாப்பாட்டோடு எடுத்தால் உச்சம் ஏறக்குறைய 1 மணி நேரம் தள்ளிப்போகும், உடம்பில் சேரும் மொத்த அளவு குறையாது. வெறும் வயிற்றில் போட்டால்தான் வேலை செய்யும் என்பது சும்மா பேச்சு. எழுந்ததும் மென்று தின்னக்கூட முடியாத தூக்கமா? அரை டம்ளர் பாலோடு மாத்திரை, அரை மணிக்குள் சாப்பாடு.

மதியம் மெல்லுவதே பாரமாக இருக்கும், குடிப்பது சுலபம். 300 மில்லி கொழுப்பு நீக்காத பால், ஒரு வாழைப்பழம், 2 மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்து அடித்தால் 450 கலோரிக்கு மேல் வரும். ஒரே மூச்சில் குடித்தால் குமட்டும். பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். சூடான உணவின் வாசனையே பிடிக்காதவர்களுக்கும் குளிர்ந்தது இறங்கும்.

பலர் சறுக்குவது மாலை மூன்று மணிக்கு. தலைவலி, கை நடுக்கம், எரிச்சல். மருந்து இறங்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு அரை மாத்திரையோ காபியோ போடுவார்கள். பெரும்பாலும் அது சாப்பிடாத, தண்ணீர் குடிக்காத தலைவலி. மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 15 மணி நேரம், அதற்குள் எங்கே இறங்கும்? மதியத்துக்குப் பிறகு போட்டது ராத்திரித் தூக்கத்தைத்தான் கெடுக்கும். காபியோ மிச்சமிருக்கும் பசியையும் மங்கவைக்கலாம்.

இரவில் பசி திரும்பினால் ஏழு மணிக்குள் ஒரு பங்கு, படுக்க 2 மணி நேரம் முன்பு சிறிதாக இன்னொன்று.

வாரம் ஒரு நாள், காலையில், அதே உடையில் எடை பாருங்கள். 60 கிலோ ஆள் தானாக 3 கிலோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ அவர் முடிவு. இன்சுலின் போடுபவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது: ஒரு வேளை தவறினாலே சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். விழிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வண்டி ஓட்டவும் வேண்டாம்.