ரியாக்டிவ் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை

"மேடம், ஹான்டாவா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." எலிகள் பரப்பும் ஹான்டா வைரஸ்தானா என்று வார்டு டாக்டர் லேபுக்குப் போன் போட்டுக் கேட்டது நியாயமான கேள்விதான். நோயாளி அரிசி குடோனில் மூட்டை தூக்குபவர். காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. லெப்டோ, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் எல்லாம் நெகட்டிவ். புதிய தொற்றுக்கு உருவாகும் ஆன்டிபாடியைத் தேடும் ஹான்டா ஐ.ஜி.எம். எலைசா டெஸ்டில் மட்டும் அவருடைய சாம்பிள் இருந்த குழி நெகட்டிவ் கண்ட்ரோலைவிடக் கொஞ்சம் அழுத்தமான மஞ்சள். ரீடரில் பாசிட்டிவுக்கான எல்லையை, கட்-ஆஃபை, ஒட்டித் தாண்டியிருந்தது.

"ரியாக்டிவ். உறுதி செய்யப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து மறு சாம்பிள் தேவை" என்று எழுதிக் கொடுத்தேன்.

வேறு எதை எழுதுவது? கிட்டில் பூசியிருப்பது கொரிய வயலெலியின் ஹான்டான், ஐரோப்பாவின் பூமலா ஆகிய வைரஸ்களின் மரபுப்பொருளைப் போர்த்தியிருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதம். எலிகள் சுமக்கும் ஹான்டா வைரஸ்களுக்குள் அந்தப் புரதம் பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றுக்கு உருவான ஆன்டிபாடி இன்னொன்றிலும் போய் ஒட்டும். சம்பந்தமே இல்லாத காய்ச்சலில்கூட ஐ.ஜி.எம். சில சமயம் பொய் சொல்லும். எந்த வைரஸ் என்று பிரிக்க, ஆன்டிபாடி எதைச் செயலிழக்கச் செய்கிறது என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன் டெஸ்ட் வேண்டும். அதற்கு உயிருள்ள வைரஸும் உயர் பாதுகாப்பு லேபும் வேண்டும்.

நம் ஊர்க் கதை இன்னும் சிக்கல். 1964-இல் வேலூரில் ஒரு மூஞ்சூறிலிருந்து தோட்டப்பாளையம் என்ற ஹான்டா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். கொரியாவில் ஹான்டானைக் கண்டுபிடித்த 1976-க்கும் முன்பே. அது மனிதருக்கு நோய் தருகிறதா என்பது இன்னும் தெளிவில்லை. தந்தாலும், ஹான்டானிலிருந்து வெகுவாக விலகிய அதை இந்தக் கிட் தவறவிடவே வாய்ப்பு அதிகம்.

நான் "ஆமாம்" என்றிருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது. டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. டயாலிசிஸும் நடந்தது. மனிதர் தேறி வீட்டுக்குப் போனார். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

ஆனால் டிஸ்சார்ஜ் அன்று அவர் மகன் லேபுக்கே வந்துவிட்டான். "எலியாலதான் வந்துச்சுன்னு எழுதித் தாங்க மேடம். ஓனர்கிட்ட காட்டணும். அங்க இன்னும் பத்துப் பன்னெண்டு பேர் வேலை பாக்குறாங்க."

எழுத முடியாது என்றேன். மறு சாம்பிளுக்கு அப்பாவைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னேன். ஆன்டிபாடி அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் அப்போது எழுதலாம் என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான். அவர்கள் வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊசி குத்திக்கொள்ள யார் வருவார்?

நோயின் பெயரை உறுதி செய்ய வேண்டிய அளவு ஆதாரம் என்னிடம் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடோனைச் சுத்தம் செய்யச் சொல்லவும் அதே அளவு ஆதாரம் வேண்டுமா? அது லேபின் வேலை இல்லை, டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். சொன்னாரா என்று அவரிடம் இதுவரை கேட்கவில்லை.